சீட்டுக் கொப்பிக்கு அழிரப்பர் கிடையாது

போன மாதம் ஒரு சாமத்திய வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்து, மாமாமார் எல்லாம் மண்டபத்தின் பின்பக்கம் கதிரைகளை வட்டமாகத் திருப்பிப் போட்டு இருந்தார்கள். நடுவில் என் சித்தியின் மகன். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறான். மடிக்கணினியைத் திறந்து ஒரு வரைபடம் காட்டிக்கொண்டிருந்தான். பச்சைக் கோடு ஒன்று இடது கீழ் மூலையில் தொடங்கி, வலது மேல் மூலைக்கு ஏறிப் போனது.

"2005இல ஆயிரம் பவுண் போட்டிருந்தால் இப்ப இவ்வளவு" என்று விரலால் காட்டினான்.

"என்ரை பென்சன் காசு கொஞ்சம் சும்மா கிடக்குது தம்பி" என்றார் ஒரு மாமா. அவர் பகிடிக்குச் சொல்லவில்லை. முப்பது வருடம் பெற்றோல் ஸ்டேசனில் இரவு வேலை செய்து சேர்த்த காசு அது.

வெளிக்கிடும்போது தம்பி என்னிடம் வந்தான். "அண்ணா, நீங்கள் ஐடியில தானே இருக்கிறியள். கோட்டை ஒருக்காப் பாருங்கோ." விம்பிள்டன் வீட்டுக்கு வந்து அன்றிரவே பார்த்தேன். பையன் கெட்டிக்காரன். கோட் சுத்தமாக இருந்தது. பிழை கோட்டுக்குக் கீழே, கம்பனிகளின் பழைய கணக்குகளை அவன் சேமித்து வைத்திருந்த தரவுத்தளத்தில் இருந்தது. ஒரு கம்பனி தன் பழைய கணக்கைத் திருத்தினால், பழைய எண்ணின் மேலேயே புது எண்ணை எழுதிவிடும்படி அமைத்திருந்தான். எஸ்கியூஎல் மொழியில் 'அப்டேட்' என்று ஒரு வரி.

அந்த ஒரு வரிக்கு எதிராகத்தான் இந்தப் பதிவு. என் கட்சி இதுதான்: வர்த்தக மென்பொருளுக்காகக் கம்பனிக் கணக்குகளைச் சேமிக்கிற எவருக்கும் பழைய எண்ணை அழிக்க உரிமை இல்லை. அந்த எண் பிழை என்று பிறகு தெரிய வந்தாலும் உரிமை இல்லை. பிழை என்று தெரிய வந்த எண்ணைத்தான் எல்லாவற்றிலும் கவனமாகப் பாதுகாக்க வேண்டும்.

அம்மாவின் கொப்பி

பொறியியலில் முதுநிலைப் பட்டம் எடுத்தவன் நான். தரவுத்தளம் பற்றி முழுப் பாடம் ஒன்று படித்தேன். ஆனால் இந்த விதியை எனக்குப் படிப்பித்தது அம்மா.

அம்மா சீட்டு நடத்தினவர். தொண்ணூறுகளில், மாதம் ஒருமுறை, எங்கள் குசினி மேசையில் இருபது பேரின் கணக்கு. வங்கிகள் எங்கள் ஆட்களுக்குக் கடன் கொடுக்கத் தயங்கிய காலம். சனம் கடை எடுத்ததும், வீட்டுக்கு முற்பணம் கட்டியதும், ஊரில் இருந்த தம்பியைக் கூப்பிட்டதும் இப்படியான சீட்டுக் காசில்தான். எல்லாக் கணக்கும் சிவப்பு மட்டை போட்ட ஒரு கொப்பியில் இருந்தது.

எனக்குப் பத்து வயது இருக்கும். உதவி செய்கிறேன் என்று போய், பிழையாக எழுதிய ஒரு தொகைக்கு மேல் டிப்பெக்ஸ் பூசி, காய்ந்த பிறகு சரியான தொகையை வடிவாக எழுதினேன். அம்மா கையில் ஒன்று போட்டார்.

"உனக்கென்ன விசரே? வெட்டினது தெரிய வேணும். அழிச்ச கணக்கை ஆர் நம்புவினம்?"

அம்மாவின் முறை இதுதான். பிழையான தொகைக்குக் குறுக்கே ஒரே ஒரு மெல்லிய கோடு. பழைய எண்ணை அதற்குப் பிறகும் வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். பக்கத்தில் புதுத் தொகை. அதன் பக்கத்தில் திருத்திய திகதி. கடைசியில் சம்பந்தப்பட்டவரின் கையெழுத்து. ஒருமுறை ஓர் அன்ரி வந்து, "நீங்கள் ஜூன் மாதம் வேற கணக்கு எல்லோ சொன்னனீங்கள்" என்று சண்டைக்கு நின்றார். அம்மா கொப்பியைத் திருப்பிக் காட்டினார். ஜூனில் சொன்னது இது, ஜூலையில் மாறியது இது, மாறிய திகதி இது, கீழே உங்கள் கையெழுத்து. ஐந்து நிமிடத்தில் சண்டை முடிந்து தேத்தண்ணி வந்தது.

அந்தக் கொப்பிக்கு இரண்டு கேள்விகளுக்கு விடை தெரியும். உண்மையில் என்ன நடந்தது? அது எங்களுக்கு எப்போது தெரிய வந்தது? தம்பியின் தரவுத்தளத்துக்கு முதல் கேள்விக்கு மட்டும்தான் விடை தெரியும். வர்த்தகம் செய்கிறவனுக்கு வேண்டியது இரண்டாவது கேள்வி.

நாளைய பத்திரிகையை வாசிக்கும் நிரல்

பேக்டெஸ்ட் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 'இலாபம் ஏறுகிற, கடன் குறைந்த கம்பனியின் பங்கை வாங்கு' என்று ஒரு விதி எழுதுகிறீர்கள். அந்த விதியைப் பழைய காலத்தில் ஓட விட்டுப் பார்க்கிறீர்கள். 2005 ஜனவரியில் இந்த விதி எதை வாங்கியிருக்கும், எவ்வளவு உழைத்திருக்கும்? பெப்ரவரியில்? மார்ச்சில்? இப்படி இன்றுவரை.

இந்தச் சோதனைக்கு ஒரே ஒரு நிபந்தனைதான் உயிர். 2005 ஜனவரியில் நிற்கும் நிரலுக்கு, அந்த ஜனவரியில் உலகத்துக்குத் தெரிந்தது மட்டுமே தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் ஊர் உதாரணம் ஒன்று சொல்கிறேன். 2019 ஜூலை 14, விம்பிள்டன் ஆண்கள் இறுதிப்போட்டி. ஐந்தாவது செட்டில் ஃபெடரர் 8-7, 40-15. சர்வ் அவர் கையில். கிண்ணத்துக்கு ஒரே ஒரு புள்ளி போதும், அதற்கு இரண்டு வாய்ப்புகள். கடைசியில் ஜோகோவிச் 13-12 என்று அந்த செட்டை வென்றார். உங்கள் கொப்பியில் இறுதி முடிவு மட்டும் இருந்தால், "40-15இலேயே ஜோகோவிச்சில்தான் காசு கட்டியிருப்பேன்" என்று எவனும் சொல்லலாம். அந்தக் கணத்தில் பலகையில் என்ன இருந்தது என்று எழுதி வைத்தவனிடம் அந்த வாய்வீச்சு செல்லாது.

இதை நான் புத்தகத்தில் படித்துவிட்டுச் சொல்லவில்லை. என் இருபதுகளின் கடைசியில் இதே வேலையை நானும் செய்தேன். ஒரு தரவு விற்பனையாளரிடம் 'சுத்தப்படுத்தப்பட்ட' பழைய கணக்குகளை வாங்கினேன். சுத்தம் என்றால் நல்லது என்று நினைத்தேன். பச்சைக் கோடு எனக்கும் ஏறியது. வீட்டுக்கு முற்பணமாகச் சேர்த்து வைத்திருந்த காசில் ஒரு பெரிய பகுதியைப் போட்டேன். பதினாலு மாதத்தில் அதில் பாதி இல்லை. யாரும் என்னை ஏமாற்றவில்லை. என் நிரல் பேக்டெஸ்ட்டில் நாளைய பத்திரிகையை வாசித்துக்கொண்டிருந்தது. நிஜச் சந்தையில் அந்தப் பத்திரிகை அதற்குக் கிடைக்கவில்லை.

டெஸ்கோவின் மூன்று வாரங்கள்

டெஸ்கோவில் வேலை செய்தவர் ஒருவராவது இல்லாத தமிழ்க் குடும்பம் லண்டனில் குறைவு. அதனால் டெஸ்கோவையே எடுக்கிறேன்.

2014 ஓகஸ்ட் 29 அன்று, அந்த அரையாண்டில் வர்த்தக இலாபம் 1.1 பில்லியன் பவுண் அளவில் இருக்கும் என்று டெஸ்கோ சந்தைக்கு அறிவித்தது. செப்டம்பர் 22 அன்று இன்னோர் அறிவிப்பு வந்தது: அந்த எதிர்பார்ப்பு சுமார் 250 மில்லியன் பவுண் கூடுதலாகச் சொல்லப்பட்டுவிட்டது. பொருட்களை விநியோகிக்கும் கம்பனிகளிடமிருந்து வரவேண்டிய வருமானத்தை முன்கூட்டியே கணக்கில் சேர்த்ததும், செலவைப் பின்தள்ளியதும் காரணம் என்றார்கள். அன்றைக்கே பங்கு விலை பத்து சதவீதத்துக்கு மேல் விழுந்தது. ஒக்டோபர் 23 அன்று தொகை 263 மில்லியனாக ஏறியது. அதில் 118 மில்லியன் அந்த அரையாண்டுக்குரியது. 70 மில்லியன் 2013/14ஆம் ஆண்டுக்குரியது. மிச்சம் 75 மில்லியன் அதற்கும் முந்திய ஆண்டுகளுக்குரியது.

இப்போது உங்கள் தரவுத்தளத்தைத் திறவுங்கள். 2013/14 இலாபம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. என்ன செய்யப் போகிறீர்கள்? 70ஐக் கழித்து மேலே எழுதுவீர்களா? எழுதினால், 2014 மே மாதத்தில் நிற்கும் உங்கள் நிரலுக்கு ஒக்டோபரில் வரப்போகும் செய்தி தெரிந்துவிடும். எழுதாமல் விட்டால், 2015இல் நிற்கும் நிரலுக்கு ஊரெல்லாம் அறிந்த செய்தி தெரியாது. ஒரே கட்டத்துக்குள் இரண்டையும் அடக்க முடியாது. கட்டம் ஒன்று என்பதுதான் பிழை.

பிரிட்டனின் நிதி ஒழுங்காற்று நிறுவனமான எஃப்சிஏ இதை எப்படிக் கையாண்டது என்று பாருங்கள். 2017இல், ஓகஸ்ட் 29க்கும் செப்டம்பர் 19க்கும் இடையில் டெஸ்கோவின் பங்குகளையும் கடன் பத்திரங்களையும் வாங்கி, உண்மை வெளிவந்தபோது வைத்திருந்தவர்களுக்கு நட்டஈடு கொடுக்க ஏற்பாடு செய்யப்பட்டது. சுமார் 85 மில்லியன் பவுண். ஓகஸ்ட் 28இல் வாங்கியவருக்கு அதில் பங்கில்லை. ஏன்? அவர் வாங்கியபோது அந்தப் பிழையான அறிவிப்பு இன்னும் வெளிவரவில்லை. யாருக்கு எந்த நாளில் எந்த எண் தெரிந்திருந்தது என்பதை வைத்துத்தான் அந்தக் காசு பிரிக்கப்பட்டது. பிழையான எண்ணை அழித்துவிட்ட கொப்பியை வைத்து அந்தக் கணக்கைப் பார்க்கவே முடியாது.

"பிழையைத் திருத்துவது பிழையா?"

தம்பி கேட்ட முதல் கேள்வி இது. "பொய் எண்ணை வைச்சிருக்கச் சொல்லுறியளா அண்ணா?"

ஓம். வைத்திரு. அது பொய் என்ற குறிப்போடும், பொய் என்று தெரிய வந்த திகதியோடும் வைத்திரு.

இந்தியாவின் சத்யம் கம்ப்யூட்டர் கதை உங்கள் அப்பாமாருக்கு நினைவிருக்கும். 2008 செப்டம்பரில் முடிந்த காலாண்டுக்கு அந்தக் கம்பனி அறிவித்த வருமானம் 2,700 கோடி ரூபா, செயற்பாட்டு இலாபம் 649 கோடி. 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில், உண்மையான வருமானம் 2,112 கோடி, இலாபம் 61 கோடி மட்டுமே என்று ஒப்புக்கொண்டார். வங்கியில் இருப்பதாகக் காட்டிய காசில் 5,040 கோடி இல்லவே இல்லை. ஒரே நாளில் பங்கு விலை முக்கால் பங்குக்கு மேல் விழுந்தது.

649ஐ அழித்து 61 என்று எழுதுங்கள். பேக்டெஸ்ட் ஓடட்டும். உங்கள் நிரல் 2008 நவம்பரில் சத்யத்தைத் தொடவே தொடாது. கணக்காய்வாளர்களும் நியூயோர்க் பங்குச் சந்தையும் கண்டுபிடிக்காததை உங்கள் பத்து வரிப் பைதன் கண்டுபிடித்தது போல இருக்கும். மாமா பார்க்கும் பச்சைக் கோட்டில் அந்தப் பள்ளம் இருக்காது. ஆனால் அடுத்த சத்யம் வரும்போது 61 என்ற எண் யாருக்கும் முன்கூட்டிக் கிடைக்காது. 649தான் கிடைக்கும். 649ஐப் பார்த்து உங்கள் விதி என்ன செய்யும் என்பதுதான் சோதனை. வினாத்தாளை எடுத்துவிட்டு விடைத்தாளை மட்டும் வைத்துக்கொண்டு அதற்குச் சோதனை என்று பெயர் வைக்கக் கூடாது.

இல்லாமல் போனவர்கள்

இன்னொரு விதமான அழிப்பும் இருக்கிறது. அது இன்னும் சத்தமில்லாதது.

தம்பி தன் கம்பனிப் பட்டியலை எங்கிருந்து எடுத்தான் தெரியுமா? இன்றைய எஃப்டிஎஸ்இ பட்டியலில் இருந்து. இன்றைக்கு உயிரோடு இருப்பவர்களின் பெயர்களை எடுத்து, 2005க்குக் கொண்டுபோய், அவர்களில் யாரை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறான். கரிலியன் அந்தப் பட்டியலில் இல்லை. பிரிட்டனின் பெரிய கட்டுமானக் கம்பனிகளில் ஒன்றாக இருந்து, 2017 ஜூலையில் 845 மில்லியன் பவுண் மதிப்பைக் குறைத்து எழுதி, 2018 ஜனவரி 15 அன்று முறிந்த கம்பனி. அதற்கு முந்திய வருடக் கணக்கில் இலாபம் இருந்தது, பங்குலாபமும் கூட்டப்பட்டிருந்தது. சத்யமும் அந்தப் பெயரில் இன்று இல்லை. 2013இல் டெக் மகிந்திராவோடு இணைந்துவிட்டது. வயோதிபர் மடத்தில் இருப்பவர்களிடம் மட்டும் போய், "இந்த ஊரில் இளவயதில் செத்தவர் எத்தனை பேர்?" என்று கேட்பது மாதிரி இது. எல்லோரும் நீண்ட ஆயுள் என்றுதான் விடை வரும்.

இதெல்லாம் சின்ன விசயம் என்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. 1986இல் ரோல்ஃப் பான்ஸ், வில்லியம் பிரீன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். காம்புஸ்டாட் என்ற புகழ்பெற்ற கணக்குத் தரவுத்தளத்தின் வழமையான வடிவத்தை ஒரு பக்கம் வைத்தார்கள். வருடா வருடம் வெளிவந்தபோதே சேர்த்து வைத்த அதே தரவுத்தளத்தின் பழைய பிரதிகளை மறுபக்கம் வைத்தார்கள். ஒரே விதியை இரண்டிலும் ஓட்டினார்கள். முடிவுகள் வேறுவேறாக வந்தன. அந்தப் பழைய பிரதிகளைக் குப்பை என்று எறியாமல் வைத்திருந்தபடியால்தான் அந்த வித்தியாசம் உலகத்துக்குத் தெரிந்தது.

"இடம் காணாது, கோட் சிக்கலாகும்"

இடமா? கணக்குப் பார்ப்போம். 2,000 கம்பனிகள், ஒவ்வொன்றுக்கும் 100 விடயங்கள், வருடத்துக்கு 4 காலாண்டு, 20 வருடம். பெருக்கினால் 1 கோடி 60 லட்சம் வரிகள். ஒரு வரிக்கு 100 பைட் என்றால் 1.6 ஜிபி. எல்லா எண்ணும் மூன்று தரம் திருத்தப்பட்டாலும் 7 ஜிபியைத் தாண்டாது. உங்கள் கைப்பேசியில் இருக்கும் சாமத்திய வீட்டு வீடியோக்கள் அதைவிடக் கூட.

சிக்கலா? முழுச் சிக்கலும் இவ்வளவுதான்:

ஒன்று. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு திகதி போதாது. கணக்கு எந்தக் காலத்துக்குரியது என்பது ஒரு திகதி. அது வெளிவந்த நாள் வேறு திகதி. டெஸ்கோவின் 2013/14 ஆண்டு 2014 பெப்ரவரி 22இல் முடிந்தது. முடிவுகள் வெளிவந்தது ஏப்ரல் 16இல். பெப்ரவரித் திகதியை மட்டும் போட்டு வைத்தால், உங்கள் நிரலுக்கு ஏழு வாரத்துக்கு மேல் ஞானக்கண் கிடைத்துவிடும். முடிந்தால் மூன்றாவது திகதி ஒன்றும் வையுங்கள்: அந்த எண் உங்கள் தரவுத்தளத்துக்குள் வந்து சேர்ந்த நேரம். விற்பனையாளர் பிந்தித் தந்தால் அது காட்டிக்கொடுக்கும்.

இரண்டு. 'அப்டேட்', 'டிலீட்' இரண்டையும் அந்த அட்டவணையில் தடை செய்யுங்கள். திருத்தம் வந்தால் 'இன்சர்ட்', புது வரி. எங்கிருந்து வந்தது என்ற மூலத்தையும் எழுதுங்கள். அதுதான் அம்மாவின் கொப்பியில் இருந்த கையெழுத்து.

மூன்று. கேள்வி கேட்கும்போது ஒரு நிபந்தனையைக் கூட்டுங்கள்: நான் நிற்கும் நாளுக்கு முன் வெளிவந்தவற்றில் ஆகப் பிந்தியது. இன்றைய நிலை மட்டும் வேண்டும் என்றால் அதற்கு ஒரு 'வியூ' கட்டிக்கொள்ளுங்கள்.

நான்கு. கம்பனிக்கு உங்கள் சொந்த அடையாள எண் ஒன்று கொடுங்கள். பங்குக் குறியீடு மாறும், வேறு கம்பனிக்கும் போகும். சர்வதேச ஐசின் எண்ணும் நிலையில்லை. 2021 பெப்ரவரியில் டெஸ்கோ 19 பழைய பங்குகளை 15 புதுப் பங்குகளாக்கியபோது அதன் ஐசின் எண்ணே மாறியது. மூடப்பட்ட கம்பனியின் எண்ணை ஒருபோதும் அழிக்காதீர்கள்.

ஐந்து. வெளிவந்த எண்ணை வெளிவந்தபடியே வையுங்கள், பங்குப் பிரிப்புகளைத் தனி அட்டவணையில் வையுங்கள். அப்பிளின் 2013ஆம் நிதியாண்டில் ஒரு பங்குக்கான இலாபம் 39.75 டொலர். 2014இல் ஒரு பங்கு ஏழானது, 2020இல் ஒவ்வொன்றும் நாலானது. இன்று அதே எண்ணை 1.42 என்று காட்டுவார்கள். இரண்டும் சரி. ஆனால் 2013 ஒக்டோபர் இறுதியில் 520 டொலருக்கு மேல் விற்ற பங்கை 1.42ஆல் வகுத்தால், இலாபத்தின் 360 மடங்குக்கு விற்ற பைத்தியக்கார விலையாகத் தெரியும். உண்மையில் அது 13 மடங்குதான்.

இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. ரிச்சர்ட் ஸ்னோட்கிராஸ் இதைப் பற்றி 1999இலேயே ஒரு முழுப் புத்தகம் எழுதினார். 2011இல் எஸ்கியூஎல் தரநிலைக்குள்ளேயே காலம் அறியும் அட்டவணைகள் வந்துவிட்டன. அரசாங்கப் பதிவேடுகளும் இப்படித்தான் நடக்கின்றன. இங்கே கம்பனீஸ் ஹவுஸில் ஒரு கம்பனி திருத்திய கணக்கைச் சமர்ப்பித்தால், பழைய கணக்கும் பதிவேட்டிலேயே இருக்கும். அமெரிக்காவின் எட்கர் பதிவேட்டிலும் அப்படியே. அது தரும் ஒவ்வொரு எண்ணோடும் காலம் முடிந்த திகதியும் சமர்ப்பித்த திகதியும் தனித்தனியாக வரும். இரண்டும் இலவசம். மூலத்தில் பத்திரமாக இருக்கும் அந்த இரண்டாவது திகதியை எறிந்துவிட்டுத்தான் நாங்கள் எங்கள் அட்டவணையை 'சுத்தம்' செய்கிறோம்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இப்படிச் சேமித்தால் காசு உழைக்கலாம் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் பச்சைக் கோடு கீழே வரும். உங்கள் விதி சும்மா சுட்டெண் நிதியை வாங்கி வைத்திருப்பதைவிட மோசம் என்று தெரிய வரும். அது தெரிய வருவதுதான் இலாபம். மண்டபத்தில் மாமாவின் பென்சனை வாங்குவதற்கு முன் தெரிய வருவது பெரிய இலாபம்.

யாரில் கோபம்

தம்பியில் எனக்குக் கோபம் இல்லை. அவனுக்கு வயது இருபது. 'அரை மணித்தியாலத்தில் வர்த்தக மென்பொருள்' என்று வீடியோ போட்டு, இன்றைய பட்டியலை இறக்கி, திருத்திய எண்களை ஊற்றி, கோடு ஏறுவதைக் காட்டி முடிக்கிறவர்களில் கோபம். 'சுத்தமான தரவு' என்று விற்று, அந்தச் சுத்தத்தில் எதை அழித்தோம் என்று சொல்லாத விற்பனையாளர்களில் கோபம். ஒரு வரைபடத்தைக் கண்டால் வாயைப் பிளக்கிற எங்கள் சனத்திலும் கொஞ்சம் கோபம்.

அந்த மாமா அம்மாவின் சீட்டில் இருந்தவர். அம்மாவின் கொப்பியை ஒவ்வொரு மாதமும் விரல் வைத்து வாசித்துப் பார்த்துத்தான் காசு கொடுப்பார். ஒரு வெட்டு இருந்தால் ஏன் என்று கேட்பார். அதே மனிதர் ஒரு மடிக்கணினிக்கு முன்னால் எதையும் கேட்கவில்லை. வெட்டே இல்லாத கொப்பி அது. அவருடைய அனுபவத்துக்கு அதுதான் முதல் சந்தேகமாக இருந்திருக்க வேண்டும். கணினி என்றபடியால் பேசாமல் இருந்துவிட்டார்.

இதை வாசிக்கிற உங்களில் பலர் கோட் எழுதக்கூடியவர்கள். உங்கள் குடும்பத்தில் அது தெரிந்த ஒரே ஆளாகவும் இருக்கலாம். நீங்கள் காட்டுகிற கோட்டை உங்கள் மாமாவால் சோதிக்க முடியாது. அதனால் உங்கள் கொப்பி அம்மாவின் கொப்பியைவிட நேர்மையாக இருக்க வேண்டும்.

தம்பியோடு இரண்டு ஞாயிற்றுக்கிழமை இருந்து அட்டவணையைத் திருப்பிக் கட்டினோம். பழைய எண்கள் கிடைத்த கம்பனிகளுக்குப் போட்டோம், முறிந்துபோன கம்பனிகளைத் தேடிச் சேர்த்தோம். கிடைக்காத வருடங்களை வெறுமையாக விட்டோம். பச்சைக் கோடு பாதிக்குக் கீழே இறங்கியது. அவனுக்கு முகம் செத்துப்போனது. "நீங்கள் என்ரை புரொஜெக்டைக் கெடுத்துப்போட்டியள்" என்றான். ஒரு கிழமை கதைக்கவில்லை.

பிறகு மாமாவுக்கு அவனே தொலைபேசி எடுத்து, இப்போதைக்குக் காசு வேண்டாம் என்று சொன்னதாகச் சித்தி சொன்னார். ஏன் என்று மாமா கேட்டாராம். "கணக்கில ஒரு வெட்டு இருக்குது மாமா, வந்து காட்டுறன்" என்றானாம்.

நீங்களும் இன்றிரவே தொடங்கலாம். நேற்றைய அட்டவணையை நாளைக்கு எந்தக் கடையிலும் வாங்க முடியாமல் போகலாம், ஆனால் இன்றைய அட்டவணையை இன்று சேமிக்கலாம். அப்டேட் வரியை வெட்டிவிட்டு இன்சர்ட் எழுதுங்கள். திகதியைப் போடுங்கள்.